சிங்கப்பூர்ச் சாலைகளில் திறன்பேசியே வழிகாட்டி: பொருத்துவது முதல் ஜோகூர் வரை முழு விவரம்

காருக்கென்று தனி ஜிபிஎஸ் கருவி வாங்குவோர் இப்போது குறைவு. காரணம் விலை மட்டுமில்லை, வரைபடமும்தான். எம்சிஇ எனப்படும் மரினா கரையோர விரைவுச்சாலை 2013 டிசம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. அதன் 420 மீட்டர் நீளம் கடற்படுகைக்கு அடியில் போகிறது. வரைபடத்தைப் புதுப்பிக்காத பழைய கருவியில் அந்தச் சாலையே இருக்காது. கார் கடலில் ஓடுவதாகத் தெரியும். இப்போதும் 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு விரைவுச்சாலைப் பணிக்காக மேரிமவுண்ட் சாலை, அங் மோ கியோ அவென்யூ 6 பக்கம் தடங்களைத் திருப்பித் திருப்பி மாற்றுகிறார்கள். திறன்பேசியின் வரைபடம் இந்த மாற்றங்களை விரைவில் பிடித்துக்கொள்கிறது. எதிரே நெரிசல் இருந்தால் அதுவும் தெரிகிறது.

ஆனால் தனிக் கருவியை காருக்கென்றே செய்தார்கள். வெயிலில் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கவும், நாள் முழுக்கத் திரை எரியவும், இயந்திரம் ஓடும்போதெல்லாம் மின்சாரம் பெறவும் ஏற்ற மாதிரி வடிவமைத்தார்கள். கைக்கும் பைக்குமாகச் செய்த திறன்பேசியில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. பிடிமானம், மின்சாரம், சூடு, சமிக்ஞை ஆகிய நான்கையும் நாம்தான் கவனிக்க வேண்டும், அதுவும் வண்டி நகரும் முன்பே.

கையில் பிடிக்கவே கூடாது

2015 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் சட்டம் கடுமையானது. அதற்கு முன் பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும்தான் குற்றம். இப்போது ஓடும் வண்டியில் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்து எந்த வேலைக்காக இயக்கினாலும் குற்றம்; வரைபடம் பார்ப்பதும் அதில் சேரும். முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 2,000 வெள்ளி, 12 மாதம். இதோடு 12 குற்றப்புள்ளிகளும் விழும். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநீக்கம் ஆகும் என்பதால், இந்த ஒரு தவறே பாதித் தூரம் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஹோல்டரில் பொருத்திய போனைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக ஓட்டிக்கொண்டே முகவரி தட்டெழுத வேண்டாம். கவனமில்லாமல் ஓட்டியதற்கு வேறு பிரிவு இருக்கிறது. தொடையிலோ கப் வைக்கும் குழியிலோ போனை வைத்துக்கொள்வது இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிய வேண்டியிருக்கும், பிரேக் மிதித்தால் போன் பெடல் பக்கம் போய் விழும்.

ஹோல்டரை எங்கே பொருத்துவது

நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம். அதே பக்கம், கண்ணாடியின் கீழ் மூலையில்தான் பெரும்பாலும் பழைய ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) பெட்டி இருக்கும். அதற்குப் பதிலாக வந்த புதிய ஆன்-போர்டு யூனிட் பொருத்திய கார்களில் அதன் ஆன்டெனா டேஷ்போர்டு மேலே இருக்கலாம். இவற்றை மறைத்தபடி போனை வைக்க வேண்டாம். அதிகம் பேருக்கு ஒத்துவருவது நடுவில் உள்ள ஏர்கான் துவாரம், ஸ்டீரிங்கின் இடப்பக்கம். கண்ணைச் சற்றே தாழ்த்தினால் திரை தெரியும், சாலையும் மறையாது.

ஏர்கான் துவாரத்தில் மாட்டும் ஹோல்டரை முதலில் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குளிர்காற்று போனின் முதுகில் நேராகப் படும். இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது. வெறும் கிளிப் மாதிரியை விட, துவாரத் தகட்டின் பின்புறம் கொக்கி போட்டுத் திருகி இறுக்கும் மாதிரியை வாங்குங்கள். கனமான போனை வைத்தால் கிளிப் மெல்லச் சாயும், தகடும் உடையும். வட்டத் துவாரம் உள்ள கார்களில் பெரும்பாலான ஹோல்டர்கள் நிற்காது. அவற்றுக்கு டேஷ்போர்டில் உறிஞ்சி ஒட்டும் மாதிரிதான் வழி.

உறிஞ்சி ஒட்டுவது இரண்டு மாதத்தில் கழன்று விழுகிறது என்று பலரும் குறைசொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு ஒட்டிய விதத்தில்தான். டேஷ்போர்டில் பளபளப்புக்காகப் பூசும் மெழுகு, சிலிக்கோன் திரவம் எல்லாம் பிடிமானத்தைக் கெடுக்கும். செய்முறை இது:

1. ஒட்டும் இடத்தை ஆல்கஹால் துடைப்பானால் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்கள்.
2. டேஷ்போர்டு சொரசொரப்பாக இருந்தால் ஹோல்டருடன் வரும் வழுவழுப்பான வட்டத் தகட்டை முதலில் ஒட்டி, அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.
3. மறுநாள் உறிஞ்சியை அதன்மேல் அமர்த்தி நெம்புகோலை மடக்குங்கள்.
4. போனை வைக்கும் முன் கையால் இழுத்துப் பாருங்கள்.

முன்னிருக்கைப் பயணியின் எதிரே உள்ள காற்றுப்பை மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. காற்றுப்பை விரியும் வேகத்தில் ஹோல்டர் முகத்துக்கு நேரே பறந்து வரும்.

காந்த ஹோல்டர் வசதியானது, ஒரு கையால் வைத்து எடுக்கலாம். ஆனால் காந்தம் போனுக்குள் உள்ள திசைகாட்டியைக் குழப்பும். ஓடும்போது பாதிப்பு இல்லை, ஏனென்றால் நகரும் பாதையை வைத்தே செயலி திசையைக் கண்டுபிடித்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போதுதான் அம்பு எங்கோ பார்க்கும்.

மின்சாரம்: காரிலுள்ள யுஎஸ்பி துளையை நம்ப வேண்டாம்

ஏற்றிக்கொண்டே வந்தும் பேட்டரி குறைகிறதே என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பழைய கார்களின் யுஎஸ்பி துளை பாட்டுக் கேட்பதற்காக வைத்தது. 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தரும். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ்ஸும் மொபைல் டேட்டாவும் ஓடும்போது போனுக்கு அது போதாது.

12 வோல்ட் துளையில் செருகும் சார்ஜர் வாங்குங்கள். குறைந்தது 5 வோல்ட் 2.4 ஆம்பியர், அதாவது 12 வாட் தர வேண்டும். யுஎஸ்பி-சி துளையுடன் 20 வாட் பவர் டெலிவரி (PD) வகையாக இருந்தால் இன்னும் நல்லது. கேபிள் ஒரு மீட்டர் போதும். நீளமான, மெல்லிய கேபிளில் வோல்ட் இறங்கிவிடும். கியர் நெம்புகோலைச் சுற்றித் தொங்காதபடி கேபிளை ஓரமாக ஒட்டிவிடுங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் போனைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இணையாது. காரில்தான் பழுது என்று பட்டறைக்கு ஓடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சூடு

ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மதிய வெயிலில் திறந்தவெளியில் நின்ற கார் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். போன் சூடேறும்போது ஒரு வரிசையில் தன்னைக் காத்துக்கொள்ளும்: முதலில் திரை வெளிச்சம் மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் குளிரும்வரை பயன்படுத்த முடியாது என்று எச்சரித்துத் திரையை மூடிவிடும். திரை மங்கியதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும்.

கார் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றி, ஏர்கான் ஓட விட்ட பிறகே போனை ஹோல்டரில் வையுங்கள். தடித்த ரப்பர் உறையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில்லாச் சார்ஜர் உள்ள ஹோல்டர் இங்கே அவ்வளவாகப் பயன்படாது. அந்த முறையில் வீணாகும் ஆற்றல் போனின் முதுகை ஒட்டியே வெப்பமாகிறது. நீண்ட பயணத்துக்குக் கம்பிதான் சரி. நிறுத்திவிட்டுப் போகும்போது போனைக் காரில் விட வேண்டாம். பழைய போனைக் காரிலேயே நிரந்தர வழிகாட்டியாக வைத்துவிடலாம் என்ற யோசனை கவர்ச்சியாகத் தெரிந்தாலும், லித்தியம் பேட்டரி தினமும் அந்தச் சூட்டில் கிடந்தால் உப்பிவிடும். பழைய போனைப் பயன்படுத்துங்கள், ஆனால் தினமும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய சிம் அட்டை தேவையில்லை. வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் போதும்.

போனில் ஒருமுறை செய்ய வேண்டியவை

ஐபோனில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில் இருப்பிடச் சேவைகளைத் திறந்து, வரைபடச் செயலிக்குப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி கொடுங்கள். அதன் கீழே துல்லியமான இருப்பிடம் என்ற பொத்தான் அணைந்திருந்தால் அம்பு பக்கத்துத் தெருவில் நிற்கும். ஆண்ட்ராய்டில் இருப்பிட அமைப்புகளில் கூகல் இருப்பிடத் துல்லியத்தை இயக்குங்கள். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள். அது இருப்பிடத்தைக் கேட்கும் வேகத்தைக் குறைக்கும், திருப்பம் தாண்டிய பிறகுதான் குரல் வரும்.

கூகல் மேப்ஸில் உங்கள் படத்தைத் தட்டி, ஆஃப்லைன் வரைபடங்கள், சொந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தல் என்று போய், சிங்கப்பூர் முழுவதையும் திரையில் தெரியும் கட்டத்துக்குள் கொண்டுவந்து இறக்குங்கள். மலேசியாவின் ஜோகூர் போகிறவர்கள் அதையும் தனியாக இறக்கலாம். ஆப்பிள் மேப்ஸில் இந்த வசதி 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் இருக்கிறது. வேஸ் செயலியில் இப்படி வரைபடம் இறக்கி வைக்க முடியாது, இணைப்பு தேவை. இணைப்பு இல்லாதபோது நெரிசல் விவரம் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

கூகல் மேப்ஸ் 2018 முதல் தமிழிலும் வழி சொல்கிறது. இடம் வலம் குழம்புகிறவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் இங்கே தெருப் பெயர்கள் மலாய், ஆங்கிலம், சீனம் கலந்தவை. தமிழ்க் குரல் அவற்றைச் சொல்லும் விதம் காதுக்குப் பழக வேண்டும். தெரிந்த பாதையில் ஒருநாள் ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள்.

வாட்ஸ்அப் அறிவிப்புகள் திரையின் மேலே விழுந்து அடுத்த திருப்பத்தை மறைக்கும். ஐபோனில் ஓட்டும்போதுக்கான ஃபோகஸ், ஆண்ட்ராய்டில் தொந்தரவு செய்யாதே முறை, இரண்டும் புளூடூத் இணைந்ததுமே தானாக இயங்கும்படி அமைக்கலாம்.

முகவரிக்குப் பதில் ஆறு இலக்கம்

சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் குறியீட்டு எண் உண்டு. உலகில் வெகு சில ஊர்களுக்கே வாய்த்த வசதி இது. தேக்கா நிலையத்துக்கு 210665 என்று அடித்தால் போதும், பஃபலோ சாலையில் உள்ள அந்த ஒரே கட்டடம் வந்து நிற்கும். பெயரால் தேடும்போதுதான் சிக்கல்: புக்கிட் பாத்தோக்கில் வெஸ்ட் அவென்யூ, ஈஸ்ட் அவென்யூ, தெம்பனிசில் அவென்யூ, ஸ்திரீட், தோ பாயோவில் லோரோங் எண்கள். ஒரு சொல் தப்பினால் பேட்டையின் மறுகோடிக்குப் போய்விடுவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக் என்றால் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கமும் பெரும்பாலும் புளோக் எண்ணே. சரியாக அடித்தோமா என்று சரிபார்க்க இது உடனடிச் சோதனை.

விருந்துக்குப் போகும்போது புளோக்கின் குறியீட்டை அடித்தால் செயலி புளோக்குக்கு அருகே உள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்தும், கார் நிறுத்துமிட வாசலில் அல்ல. பலமாடிக் கார் நிறுத்துமிடங்கள் பலவற்றுக்குத் தனி எண்ணும் தனிக் குறியீடும் இருக்கின்றன. புளோக் எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து சேர்ந்து வரும். வீட்டாரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி என்றால் எந்த வாசல் வழியாக வாகனங்களை விடுகிறார்கள் என்று கேளுங்கள். பின்வாசல் ஆள் நடக்க மட்டுமே இருக்கலாம்.

ஈஆர்பி கட்டணத்தைச் சுங்கமாகக் கணக்கிடும் செயலியில் சுங்கம் தவிர்க்கும் பொத்தானை நிரந்தரமாக இயக்கி வைக்க வேண்டாம். ஈஆர்பி நேரத்துக்கு நேரம் மாறும். கட்டணமே இல்லாத இரவிலும் செயலி உங்களை வீணாகச் சுற்ற விடலாம். புறப்படும் நேரக் கட்டணத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்து அப்போதைக்கு முடிவெடுங்கள். பேருந்துத் தடத்தையும் செயலியிடம் விட முடியாது. சாதாரணத் தடம் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும். முழுநாள் தடம் திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. இடப்பக்கம் திரும்பு என்று குரல் சொன்னாலும் மஞ்சள், சிவப்புக் கோடுகளைப் பார்த்தே தடம் மாறுங்கள்.

சுரங்கச்சாலை, மேம்பாலம், உயர்ந்த கட்டடங்கள்

கேபிஇ எனப்படும் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் 12 கிலோமீட்டரில் சுமார் 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. அதன் முனையில் எம்சிஇ சுரங்கம் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 9 கிலோமீட்டர் கடக்க ஏழு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்கச் செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. மொபைல் டேட்டா வரும், அதனால் வரைபடம் திரையில் நன்றாகவே இருக்கும். ஏமாறுவது இங்கேதான். கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து அம்பைச் செயலி ஊகமாக நகர்த்திக்கொண்டிருக்கும். உள்ளே நெரிசலில் நீங்கள் ஊர்ந்தால் அம்பு முன்னால் ஓடிவிடும், வெளிவழி தாண்டிவிட்டதாகச் சொல்லி வழியை மாற்றும். சுரங்கத்துக்குள்ளேயே பிஐஇ எனப்படும் தீவு விரைவுச்சாலை போன்ற சாலைகளுக்குக் கிளைகள் இருப்பதால் இது சின்னப் பிழை ஆகாது.

1. சுரங்க வாயிலுக்கு முன்பே பயணத்தின் படிப்பட்டியலைப் பார்த்து வெளிவழி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரை நினைவூட்டச் சொல்லுங்கள்.
2. உள்ளே போனதும் அம்பை நம்பாமல் தலைக்கு மேல் உள்ள பலகைகளையே பின்பற்றுங்கள்.
3. ஆண்ட்ராய்டு கூகல் மேப்ஸில் வழிநடத்தல் அமைப்புகளுக்குள் புளூடூத் சுரங்க பீக்கன் என்ற பொத்தான் உண்டு. பீக்கன் எனும் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி பொருத்திய சுரங்கங்களில் அது அம்பைச் சரியான இடத்தில் வைக்கும். வேஸிலும் இதே வசதி இருக்கிறது. இயக்கி வையுங்கள், புளூடூத்தையும் அணைக்காதீர்கள்.
4. வெளியே வந்து அம்பு நிலைகொள்ளும்வரை, புதிதாகச் சொல்லும் வழிக்கு உடனே திரும்பாதீர்கள்.

கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இணைந்த சில கார்கள் தங்கள் சக்கர வேகத்தையும் கூரை ஆன்டெனாவின் சமிக்ஞையையும் போனுக்குக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட காரில் சுரங்கப் பிழை வெகுவாகக் குறையும். திரையுள்ள காராக இருந்தால் போனைத் தனியாக ஹோல்டரில் வைப்பதைவிட இணைப்பதே மேல்.

மேம்பாலம் வேறு வகைச் சிக்கல். கெப்பல் சாலைக்கு மேலே கெப்பல் மேம்பாலம், வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலைக்கு மேலே அதன் மேம்பாலம். இரண்டும் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் ஓடுகின்றன. ஜிபிஎஸ் உயரத்தைச் சரியாகச் சொல்வதில்லை, பக்கவாட்டுப் பிழையைவிட உயரப் பிழை எப்போதும் பெரிது. கீழ்ச்சாலையில் நின்றுகொண்டிருக்கும் உங்களை மேலே இருப்பதாகச் செயலி எண்ணிவிடும். இங்கும் ஏறுவதா வேண்டாமா என்பதைப் பலகையைப் பார்த்து நீங்களே முடிவுசெய்ய வேண்டும்.

ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே வட்டாரத்தில் சமிக்ஞை கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி, தாமதமாக வந்து சேருகிறது. போன் அதை நீண்ட தூரமாக எண்ணி, உங்களை அடுத்த தெருவில் நிறுத்துகிறது. எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் போன்கள் இதை நன்றாகச் சமாளிக்கின்றன. 2018-இல் சியோமி மி 8 இதைத் தொடங்கிவைத்தது, ஐபோனில் 14 ப்ரோ முதல் உண்டு. புதிய போன் வாங்குவோர் வழிகாட்டலையும் மனத்தில் வைத்தால் இந்த விவரத்தைக் கேட்டு வாங்கலாம்.

உள்ளே வெயில் வராமல் ஒட்டும் ஃபிலிமில் உலோகப் படலம் இருந்தால் அதுவும் சமிக்ஞையைத் தடுக்கும். முன்கண்ணாடி, முன்கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தையும் பின்பக்கக் கண்ணாடிகள் 25 விழுக்காட்டையும் விட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் உலோக ஃபிலிமும் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கலாம். ஒட்டும் கடையில் செராமிக் வகையைக் கேளுங்கள்.

அடித்தளக் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறி வரும்போது அம்பு தடுமாறுவது பழுதல்ல. ஒரு செயற்கைக்கோள் தன் இடத்தைப் பற்றிய முழுத் தகவலையும் அனுப்ப 30 விநாடி எடுக்கும். இணையம் வழியாக அதை முன்கூட்டியே பெறுவதால்தான் போன் வழக்கமாக வேகமாக இருக்கிறது. மேலே வந்து சில மீட்டர் நகர்ந்த பிறகுதான் திசை புரியும். எனவே முதல் திருப்பம் இடமா வலமா என்பதைக் கீழேயே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரல் கேட்கவில்லையா?

கார் வானொலியில் ஒலி 96.8 ஓடிக்கொண்டிருக்கும், வழிகாட்டல் குரல் புளூடூத் வழியாகக் காருக்குப் போகும், ஆனால் கார் வானொலியைத்தான் ஒலிக்கும். திருப்பம் அமைதியாகக் கடந்துபோகும். வேஸில் ஒலி அமைப்பில் புளூடூத் தொலைபேசி அழைப்பாக ஒலிக்கும் தேர்வை இயக்குங்கள். அப்போது வானொலியை இடைநிறுத்தி அழைப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். சில கார்களில் முதல் ஓரிரு சொல் வெட்டுப்படும். அது எரிச்சலூட்டினால் புளூடூத் ஒலியை நிறுத்தி, போனின் சொந்த ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள்.

லாரி ஓட்டுவோருக்கு

இந்தச் செயலிகள் காருக்காகவே வழி போடுகின்றன. வண்டியின் உயரமும் எடையும் அவற்றுக்குத் தெரியாது. 4.5 மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்கு இங்கே அனுமதி வேண்டும். நிறுத்துமிடத் தடுப்பின் உயரம் இன்னும் குறைவு, பலகையைப் படித்த பிறகே நுழையுங்கள். செயலி காட்டும் நேரமும் லாரிக்குப் பொருந்தாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரி, அதே விரைவுச்சாலையில் காருக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேராது. மேலாளரிடம் வாக்குக் கொடுக்கும் முன் அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிச் சொல்லுங்கள்.

ஜோகூர் போகிறீர்களா

உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டில் எது சீராக நகர்கிறது என்று புறப்படும் முன் ஒன்மோட்டரிங்கில் சோதனைச்சாவடி கேமராக்களைப் பாருங்கள். செயலி காட்டும் சிவப்புக் கோட்டைவிட அந்தப் படம் தெளிவு. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் எல்லையைத் தாண்டும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பதைச் செயலி நினைவூட்டாது; வரிசையில் சேர்ந்த பிறகு திரும்ப வழியும் கிடையாது. பாலத்தின் நடுவே போன் சிங்கப்பூர் அலையிலிருந்து மலேசிய அலைக்கு மாறும்போது சற்று நேரம் இணைப்பு அறும். ரோமிங் சந்தா இயங்கவில்லை என்றால் அது திரும்பவே வராது. சேருமிடத்தை வீட்டிலேயே போட்டு வழிநடத்தலைத் தொடங்கிவிட்டால் பாதை போனில் தங்கியிருக்கும். ஆஃப்லைன் வரைபடமும் இருந்தால், வழி தப்பினாலும் புதுப் பாதையை அது தானே போட்டுக் கொடுக்கும்.